இரண்டு பற்றரி நாநா

வசதியாகச் சாய்ந்திருக்கும் ஒருவரிடம் போய் “வசதியா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த நிமிடமே அவருக்கு முதுகில் எங்கோ குத்தத் தொடங்கிவிடும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பாலாவியில் இருந்த காலத்தில் எனக்கு அடுத்த வளவு நாநாவுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பின்னேரம் பாடசாலையால் வந்து, முற்றத்தில் கதிரையைப் போட்டு, திருத்த வேண்டிய கட்டுரைக் கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். வேலிக்கு மேலால் ஒரு தொப்பி எழும்பும்.

“மாஸ்டர், வசதியா இரிக்கா?”

“ஓம் நாநா. நல்ல வசதி.”

“இல்லயே, வெயில் கண்ணுல அடிக்கிதே. கதிரைய இங்கிட்டுக் கொஞ்சம் திருப்புங்க.”

திருப்புவேன். அதுவரை அடிக்காத வெயில் அப்போதுதான் அடிக்கத் தொடங்கும். ஆனால் நாநாவின் முகத்தில் வரும் திருப்தியைப் பார்த்தால் மறுபடி திருப்ப மனம் வராது. அவர் உள்ளே போகும்வரை வெயிலில் காய்வேன். அண்டை அயலோடு ஒற்றுமையாக வாழ்வது எப்படி என்று பத்தாம் வகுப்புக்குக் கட்டுரை எழுதக் கொடுத்தவன் நான். வேறு என்ன செய்ய முடியும்?

நாநா தன் ஆயுளில் பாதியைக் குவைத்தில் ஒரு பெரிய வீட்டின் சாரதியாகக் கழித்துவிட்டு, போர் முடிந்த கையோடு ஊருக்கு வந்து சேர்ந்தவர். வண்டியை விட்டு இறங்கினாரே தவிர, சாரதி ஆசனத்தை விட்டு அவர் இறங்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாரும் தன் வண்டியின் பின் ஆசனத்தில் இருக்கிறார்கள் என்றே அவருக்கு ஓர் எண்ணம்.

எனக்குக் குடலிறக்கம் வெட்டிப் புத்தளம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்தார். என் கட்டிலுக்கு வருவதற்கு முன் வார்ட்டில் இருந்த மற்றக் கட்டில்கள் எல்லாவற்றிலும் நின்று நின்று வந்தார். “வசதியா? தலகாணி உசரமா? காத்து வருதா?” வெள்ளைச் சட்டையும் பணிவான குரலும் பார்த்து, மதுரங்குளிப் பக்கத்து மனிதர் ஒருவர் அவரைப் பெரிய டொக்டர் என்று நினைத்துச் சாரத்தை விலக்கிக் காயத்தைக் காட்டிவிட்டார். நாநா ஓடவில்லை. நிதானமாகக் குனிந்து பார்த்து, “மாஷா அல்லாஹ், நல்லாத்தான் காயுது” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இன்னொரு முறை, எங்கள் ஒழுங்கையில் ஒரு ஜனாஸா. நாநாதான் கபுர்க் குழிக்குள் இறங்கி இறந்தவரின் மையத்தை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தார். வைத்துவிட்டு மேலே ஏறுமுன் ஒரு கணம் குனிந்து பார்த்தார். வாய் அசைந்தது. தூரத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது. துஆவாக இருக்கலாம். ஆனால் பழகியவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் இன்றுவரை உண்டு.

இப்படி ஊர் முழுவதையும் வசதியாக வைத்திருந்த மனிதருக்கு ஒரே ஓர் ஆளிடம் மட்டும் அந்த வித்தை செல்லவில்லை. அது அவருடைய மனைவி. நாங்கள் ராத்தா, அதாவது அக்கா, என்போம்.

ராத்தா மன்னார்ப் பக்கம். பதினைந்து வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்திய நாட்களில் ஊரோடு சேர்த்து வெளியேற்றப்பட்டு, கையில் அகப்பட்டதோடு புத்தளத்துக்கு வந்தவர்களில் ஒருவர். பாலாவிக்கு அண்மையில் ஓலைக் கொட்டில்களும் தரப்பாள் கூடாரங்களுமாக இருந்த கேம்பில் வளர்ந்து, அங்கிருந்தே நாநாவுக்கு வாழ்க்கைப்பட்டார். எங்கள் பகுதியில் ‘கேம்ப்’ என்ற சொல்லுக்கு இரண்டே பொருள்தான். ஒன்று அகதி முகாம், மற்றது ராணுவ முகாம். இரண்டிலும் எவரும் சந்தோஷத்துக்காகப் போய்ப் படுப்பதில்லை.

குவைத்தில் மூன்றாவது பொருள் ஒன்று இருப்பதை நாநா அங்கே போய்த்தான் அறிந்தார். குளிர்காலம் வந்தால் அவருடைய முதலாளி மாளிகையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடிப்பாராம். கம்பளம், ஆடு, அடுப்பு, வேலைக்காரர், எல்லாம் பின்னால் போகும்.

“மொத வருஷம் நான் பயந்துட்டன் மாஸ்டர். முதலாளி நொடிச்சிப்போய் ஊட்ட வித்துட்டார் போலண்டு நெனச்சன். எனக்கு அழுகையே வந்துட்டு. பொறகு பாத்தா, மனுசன் மண்ணுல மல்லாக்கப் படுத்து நட்சத்திரத்தப் பாத்துச் சிரிக்கிறார்!”

அடுத்தடுத்த வருடங்களில் நாநாவுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஓர் இரவு அந்த மணலில் இருந்தபடியே மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, சந்தோஷம் தாங்காமல், “நாங்க எல்லாரும் கேம்ப்ல இரிக்கிறோம் புள்ள!” என்றிருக்கிறார்.

மறுமுனையில் ராத்தாவின் குரல் மெல்ல வந்திருக்கிறது. “அல்லாஹ்வே… அங்கயும் துரத்திட்டாங்களா?”

இதை நாநா எனக்குச் சொன்னபோது சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு நாநா வேலியில் தளர்ந்திருந்த ஒரு கம்பை இறுக்கத் தொடங்கினார்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய சாமான்களில் தங்கம், தொலைக்காட்சி, கம்பளி, ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு பெரிய கூடாரம், நான்கு மடக்குக் கதிரை, வாகனத்துக் கரண்டில் ஓடக்கூடிய ஒரு குட்டிக் குளிர்சாதனப் பெட்டி. கூடவே ஓர் ஆசை. ஒரே ஓர் இரவு ராத்தாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கூடாரம் அடித்து, அந்த முதலாளி சிரித்த மாதிரி அவரும் சிரிப்பதைப் பார்க்க வேண்டும். 

“வானத்தப் பாக்கணும், அவ்வளவுதான் புள்ள” என்றார் நாநா.

“டெண்டுக்குள்ள இருந்து பாக்கிற வானம் எனக்குத் தெரியும்” என்றார் ராத்தா. “ஓட்டையால தெரியும்.”

ஆளைச் சம்மதிக்க வைக்கலாம் என்ற நம்பிக்கையில், ஒரு சனிக்கிழமை நாநா கூடாரத்தைத் தன் வளவுக்கு முன்னால் இருந்த வெற்றுக் காணியில் அடித்துப் பார்த்தார். வெள்ளை நிறத்தில் விசாலமான கூடாரம். உப்பளப் பக்கமிருந்து வந்த காற்றில் புடைத்துக்கொண்டு நின்றது. பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஒழுங்கை முனையில் இருந்து மூன்று பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தபடி விரைந்து வந்தார்கள். மூவர் கையிலும் குடும்ப அட்டை.

“தம்பி, பதியிறது எங்க?”

“என்னத்தப் பதியிற?” என்றார் நாநா.

“மறைக்காதீங்க தம்பி. டெண்ட் வந்திட்டுது எண்டா அரிசியும் வரும்தானே?”

நாநா எவ்வளவோ சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, உள்ளே ஏதோ பெரிதாக வந்து இறங்கியிருக்கிறது என்ற அவர்களின் எண்ணம் உறுதிப்பட்டது. இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். ஒரு பெரியம்மா என்னைக் காட்டி, “அந்தா, மாஸ்டர் நிக்கிறார், அவர்தான் எழுதுறவர் போல” என்றார். வாழ்க்கையில் என்னை ஓர் எழுத்தாளன் என்று ஒருவர் தானாகவே அடையாளம் கண்டது அன்று மட்டும்தான். கடைசியில் மோட்டார் சைக்கிளில் கிராம சேவகர் வந்து இறங்கினார். சிங்களவர், நல்ல மனிதர். கூடாரத்தைச் சுற்றி வந்து, “மேக மொகத நாநா? கேம்ப் எகக்த?” என்றார். இது என்ன, கேம்பா என்று கேட்கிறார்.

“நே மாத்தயா, நே!” என்று, இல்லை ஐயா இல்லை என்பதைச் சிங்களத்தில் கத்திக்கொண்டே, நாநா ஆணிகளைப் பிடுங்கினார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, ராத்தா ஆளுக்கொரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். கொடுக்கும்போது அவர் முகம் இறுகிக் கிடந்தது. 

அன்றிலிருந்து நாநா ‘கேம்ப்’ என்ற சொல்லை விட்டுவிட்டார். வேறு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்று என்னிடம் வந்தார். படித்த படிப்புக்கு ஊரில் ஒரு பயன் கிடைத்ததே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“பாசறை” என்றேன்.

“பாண் சுடுற போறணை மாதிரி கேக்குது மாஸ்டர்.”

“கூடாரவாசம்?”

“வாசமா? அங்க கருவாட்டு வாசம்தான் வரும்.”

“முகாம்” என்று நான் வாயெடுக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

நாநாவின் பலவீனம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒருவர் ஒன்றை வேண்டாம் என்றால், அதற்கு ஒரே காரணம் வசதிக் குறைவுதான் என்று அவர் உறுதியாக நம்பினார். ராத்தா வரமாட்டேன் என்கிறாரா? கடற்கரையில் இருட்டு. ஆகவே வெளிச்சம் வேண்டும். வெக்கை. ஆகவே விசிறி. குடிக்கிற தண்ணீர் சுடும். ஆகவே குளிர்சாதனப் பெட்டி. மூன்றும் இரவிரவாக ஓட வேண்டுமென்றால் அவருடைய பழைய டொல்பின் வான் வண்டியில் இருக்கும் ஒற்றைப் பற்றரி தாங்காது. ஆகவே இன்னொரு பற்றரி. இப்படிப் படிப்படியாக யோசித்து, அந்த வானின் பின் ஆசனத்துக்கு அடியில் லொறிப் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

வயர் வேலையை அவரே செய்தார். நான் ரோச் லைட் பிடித்தேன். ரோச் பிடிப்பது பார்க்கிற அளவுக்கு லேசான வேலை இல்லை. அவர் பார்க்கும் இடத்தை விட்டு மற்ற எல்லா இடத்துக்கும் வெளிச்சம் அடிக்கும் திறமை எனக்கு இருந்தது.

“ரெண்டு பற்றரியயும் ஒண்டா சேத்துக் கட்டிருவோம்” என்றார். “ரெண்டு பேரும் ஒரே சஹன்ல சாப்பிடட்டும்.”

கலியாண வீடுகளில் நாநாமார் ஆறு பேராகச் சுற்றி இருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவார்களே, அதுதான் சஹன். எனக்கு அந்த உவமை பிடித்துப்போனது. “கூட்டுக் குடும்பம்” என்று நானும் என் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லி அங்கீகரித்தேன். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. வானுக்குள் வெளிச்சம் எரிந்தது, விசிறி சுழன்றது, குட்டிப் பெட்டி பூனை போல உறுமியது. அன்றிரவு முழுக்க ஓடட்டும் என்று நாநா விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

மறுநாள் புத்தளத்தில் ராத்தாவின் அக்கா மகளுக்குக் கலியாணம். ராத்தா சரிகைச் சேலை கட்டி, வானின் முன் ஆசனத்தில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். நாநா சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினார். இம்முறை அந்த ‘டிக்’கும் இல்லை. சஹனில் சாப்பிட உட்கார்ந்த இருவரும் விடிவதற்குள் மொத்தச் சோற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் பனி பிடித்து ஜம்மென்று நின்றன.

தள்ளினோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான், ஒழுங்கையில் நின்ற இரண்டு பேர், உப்பு லொறியிலிருந்து இறங்கி வந்த ஓர் இரக்கமுள்ள மனிதர். மணல் ஒழுங்கை. வான் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. நாநா யன்னலால் தலையை நீட்டி, தள்ளிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, “வசதியா இரிக்கா?” என்று கேட்டார். லொறிக்காரர் அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வான் கடைசியில் புகைத்துக்கொண்டு உயிர் பெற்றது. ஆனால் ராத்தா இறங்கிவிட்டார். கோபத்தில் என்று நினைத்தோம். அது கோபம் இல்லை.

“கேம்ப்ல எங்கட வாப்பா ஒவ்வொரு நாளும் சொல்லுவார், ‘நாளைக்குப் போயிருவம் மகள்’ எண்டு” என்றார் ராத்தா. “மூட்டையைக் கட்டியே வச்சிருந்தம். போறதுக்கு வழி இல்ல, வாகனம் இல்ல. நாளைக்கு, நாளைக்கு எண்டு நான் பெரியவளாகிட்டன். எனக்கு இருட்டும் பயமில்ல, வெக்கையும் பயமில்ல. உங்கட விசிறி எனக்கு எதுக்கு? நினைச்ச நேரம் வெளிக்கிட ஏலாத இடத்தில நான் படுக்க மாட்டன். அவ்வளவுதான்.”

நாநா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“ஒரு ராத்திரி கேக்கிறீங்க. வாறன்” என்று ராத்தாவே தொடர்ந்தார். “ஆனா நான் ‘போவம்’ எண்டு சொன்னா அந்த நிமிஷமே வான் ஸ்டார்ட் எடுக்கோணும். ஏன், எதுக்கு எண்டு கேக்கக் கூடாது. அப்பிடி எண்டாச் சொல்லுங்க.”

“சரி புள்ள” என்றார் நாநா.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதமே வேறு. முன்பு விளையாட்டுச் சாமான் செய்கிற உற்சாகம் இருந்தது. இப்போது பள்ளிக்குக் கூரை போடுகிறவர் போல இருந்தார். புத்தளம் ரவுணுக்குப் போய்ப் பற்றரிகளுக்கு நடுவில் பூட்டுகிற ரிலே ஒன்று வாங்கி வந்தார். சிறிய கறுப்புப் பெட்டி. எஞ்சின் ஓடும்போது டைனமோவிலிருந்து வரும் கரண்டை இரண்டு பற்றரிக்கும் விடும்; எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிடும். 

“எஞ்சின் ஓடக்குள்ள ரெண்டு பேரும் ஒரு சஹன்ல சாப்பிடுவாங்க மாஸ்டர். நிண்டதும் இவன் நடுவுல எழும்பி, எஞ்சின் பற்றரி, அந்த மூத்தவன்ட பங்க மூடி எடுத்து வெச்சிருவான். இளையவன் தன்ட பங்க முடிச்சிட்டுப் பட்டினி கிடக்கட்டும். மூத்தவன்ட சோத்துல ஒரு பருக்கை தொடேலாது.”

“இதைத் தமிழில் ‘தனிமைப்படுத்தி’ என்று சொல்லலாம்” என்றேன்.

“நீங்க ரோச்ச இங்கிட்டு அடிங்க.”

பற்றரி இரண்டுக்கும் பக்கத்தில் பியூஸ் போட்டார். பின் ஆசனத்துப் பற்றரியை மரப்பெட்டிக்குள் வைத்து, அதன் ஆவி வெளியே போகத் தரையில் துளையிட்டுக் குழாய் விட்டார். வயர் இரும்பில் உரசும் இடமெல்லாம் ரப்பர் சுற்றினார். கடைசியாக இரண்டு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, எஞ்சின் பற்றரியில் ‘போக’ என்றும், மற்றதில் ‘இருக்க’ என்றும் எழுதினார். எழுத்துப் பிழை இல்லை. நான் கவனித்தேன், எனக்கு அதுதானே தொழில்.

பிறகு பரீட்சை. வெளிச்சம், விசிறி, பெட்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ‘இருக்க’ சாகும்வரை காத்திருந்தார். அது மெல்ல மங்கி, விசிறி இருமி நின்றது. ராத்தாவைக் குசினியிலிருந்து கூப்பிட்டார். அவர் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். நாநா ‘பிஸ்மில்லா’ சொல்லிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் தொடுகையிலேயே பிடித்துக்கொண்டது.

“இன்னொருக்கா” என்றார் ராத்தா.

மறுபடி எடுத்தது.

“சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

மாசி மாதம், கடல் அடங்கிக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து புறப்பட்டோம். ராத்தா தனியாக வர விரும்பவில்லை என்பதால் என் மனைவியும் நானும் துணை. என் மனைவி லேசில் சம்மதிக்கவில்லை. “யாழ்ப்பாணத்தில இருந்து மூட்டையோட வந்து பள்ளிக்கூட மண்டபத்தில படுத்தது காணாதே? இப்ப விரும்பிப் போய்ப் படுக்கோணுமோ?” என்று கேட்டபடியே தலையணைகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பள்ளிவாசல்துறையைத் தாண்டி, தென்னைகளுக்கிடையே கடல்பக்கம் போகும் மணல் ஒழுங்கையில் இறங்கினோம். கொஞ்சம் தள்ளி ஒரு மீன்வாடி. பருவத்துக்கு வந்து ஓலைக் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்கிற குடும்பங்கள். நாநா வானை மூன்று தடவை முன்பின் எடுத்து, மூக்கு ஒழுங்கையைப் பார்க்கும்படி நிறுத்தினார். கூடாரத்தை அடித்தோம். நான் அடித்த ஆணிகளை நாநா ஒன்றும் சொல்லாமல் பிடுங்கித் திருப்பி அடித்தார்.

ராத்தா வானை விட்டு இறங்கவில்லை. முன் ஆசனத்தில், கைப்பை மடியில். பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. அசர் தொழுகைக்கு இறங்கினார், தொழுதார், மறுபடி ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நாநா யன்னலால் தேநீர் நீட்டினார்.

“வசதியா புள்ள?”

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

நாநா ஓடிப்போய் ஏறிச் சாவியைத் திருப்பினார். பிடித்தது. ராத்தா தலையை ஆட்டினார். நாநா அணைத்துவிட்டு வந்தார். பிறகு சூரியன் கடலில் இறங்குகிற நேரம் மறுபடி “ஸ்டார்ட் பண்ணுங்க.” மஃரிப் தொழுது முடிந்ததும் இன்னொரு தரம். ஒவ்வொரு முறையும் நாநா ஓடினார். ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் வரவர அவர் நடை தளர்ந்தது. வெளிச்சம் எரிந்தது, விசிறி சுழன்றது, மடக்குக் கதிரைகள் நான்கும் கடலைப் பார்த்து வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றில் நான் மட்டும் இருந்து, யாரும் கேட்காமலே நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி பிழை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“போதும் மாஸ்டர்” என்றார் நாநா, பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, தணிந்த குரலில். “நான் பிழை உட்டுட்டன். இஷா தொழுகைக்கு முந்திக் கட்டிக்கிட்டுப் போயிருவோம்.”

அப்போதுதான் வாடிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். நடுவயது. கையில் மூடிய தட்டு. எங்களைக் கடந்து நேரே வானுக்குப் போய், யன்னலருகே நின்றார்.

“எந்த ஊர் நீங்க?” என்றார் ராத்தாவிடம். “அங்க என்ன பிரச்சின? ஏன் இப்பிடி மண்ணுல வந்து கெடக்கிறீங்க? பயப்படாதீங்க, எங்கட வாடியில எடம் இரிக்கி. இந்தாங்க, மொதல்ல சோத்தச் சாப்பிடுங்க. மீன் ஆணம்தான்.”

நாநா எழுந்துவிட்டார். எந்த நாட்களின் நினைவுக்குப் பயந்து ராத்தா வானுக்குள் இருந்தாரோ, அது தட்டோடு வந்து யன்னலில் நிற்கிறது. பின்னால் வந்து நின்ற என் மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். ராத்தா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“ஒரு பிரச்சினையும் இல்ல தங்கச்சி” என்றார். “சும்மா வந்தது.”

“சும்மாவா?”

“ஓம். சும்மா.” இரண்டாம் முறை சொல்லும்போது அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்க்கிறவர் போல நிறுத்திச் சொன்னார். “எங்களுக்கு வீடு இருக்கு. பாலாவியில. கல்வீடு. கூரை, கதவு, கிணறு எல்லாம் இருக்கு. ஒருத்தரும் எங்களைத் துரத்தேல்ல. நாங்க சும்மா வந்து படுத்திருக்கிறம்.”

வந்தவர் கூடாரத்தைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வீட்ட வெச்சிக்கிட்டா இப்பிடி?” என்றார்.

அதற்குத்தான் ராத்தா சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தார். தொற்றிக்கொண்டு அந்தப் பெண்ணும் சிரித்தார். “அதுதானே தங்கச்சி, பைத்தியக்காரக் கூட்டம்! இருங்க, குளிர்ந்த தண்ணி தாறன்” என்று வானின் பின்கதவைத் திறந்த ராத்தா, கணவரைத் திரும்பிப் பார்த்து, “என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க, அவவுக்குக் கதிரையைப் போடுங்க” என்றார்.

பாசறை, கூடாரவாசம் என்று நான் நிகண்டு முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்தேன். சொல் என்னவோ எங்கள் எல்லாருடைய வாயிலும் அன்றாடம் சும்மா கிடந்திருக்கிறது.

வாடிப்பெண் பனிபிடித்த போத்தலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, இந்தக் காட்டில் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். ராத்தா ஆசனத்தைத் தூக்கிக் காட்டி, சஹன், மூத்தவன், இளையவன், நடுவில் எழும்புகிறவன் என்று முழுக்க விளக்கினார். நாநா விளக்கியதை விடத் தெளிவாக இருந்தது. நாநா இடையில் ஒரு திருத்தம் சொல்லப் போய், “நீங்க சும்மா இருங்க” என்று வாங்கிக்கட்டிக்கொண்டார். ஒரு தட்டுச் சோற்றை ஐந்து பேரும் பிரித்துச் சாப்பிட்டோம். அப்படியொரு மீன் ஆணம் நான் பிறகு சாப்பிடவில்லை.

எல்லாம் ஒரேயடியாக மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். படுக்கப் போகுமுன் ராத்தா இன்னொரு முறை வானை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கூடாரத்துக்குள் முழுதாகப் போகவும் இல்லை. பாயை வாசலில் போட்டு, கால் உள்ளேயும் தலை வெளியேயுமாகப் படுத்தார். அவர் தலைமாட்டில் நாநா குந்திக்கொண்டு, “இந்தக் கல்லு முதுகுல குத்துமே, வசதியா…” என்று தொடங்க, “வாயை மூடிக்கொண்டு படுங்க, நான் எண்ணிக்கொண்டு இருக்கிறன்” என்றது குரல். எதை எண்ணுகிறார் என்று கேட்க நாநாவுக்குத் துணிச்சல் வரவில்லை. நாங்களும் படுத்துவிட்டோம்.

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு நாநா பரபரவென்று கட்டத் தொடங்கினார். ஒரு ராத்திரி என்றால் ஒரு ராத்திரிதான். ராத்தா ‘போவம்’ என்று சொல்லும்வரை வைத்திருக்கக் கூடாது என்று அவருக்கு ரோசம். கதிரைகளை மடித்தார். கூடாரத்தைச் சுருட்டினார். தென்னைகளுக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. வாடிக்காரர் கரைவலை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். ராத்தா பாயை விட்டு நகர்ந்து, ஈர மணலுக்குக் கிட்டப் போய், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கைப்பை வானுக்குள் கிடந்தது.

நாநா ஏறிச் சாவியைத் திருப்பினார். இரவு முழுக்க வெளிச்சமும் விசிறியும் பெட்டியும் ஓடிய வான், முதல் தொடுகையிலேயே பிடித்துக்கொண்டது. யன்னலால் தலையை நீட்டி, வெற்றியோடு கூப்பிட்டார்.

“வா புள்ள, ஏறு! ஸ்டார்ட் எடுத்திட்டுது. போவோம்!”

ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் அசைத்தார்.

“அதை ஓஃப் பண்ணுங்க. கடல் சத்தம் கேக்குதே இல்ல.”